மேசைக்குள் மணல்

போன கிழமை எங்கள் வகுப்புக் குழுவில் ஒன்றுகூடல் பற்றிக் கதை தொடங்கியது. உப்புவெளியில் ஒரு விடுதி, பகல் சாப்பாடு, கடல் குளிப்பு, எல்லாருக்கும் ஒரே நிற உடுப்பு. சரி, நல்லது. நடுவில் ஒருத்தி கேட்டாள், "இருபத்துநாலாம் நம்பர்க்காரியையும் கூப்பிடுவமோ?" உடனே இன்னொருத்தி, "கூப்பிடுங்கோ, ஆனா ஒருத்தரும் கொப்பி கிப்பி கொண்டு வந்திராதேங்கோ" என்று எழுதினாள். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற முகம். அதில் ஒன்று நான் போட்டது.

போட்டுவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். மூன்று நாளாக அதை நிமிர்த்தவே மனம் வரவில்லை.

கேளுங்கடி. இருபது வயதில் கிழவி மாதிரி 'அந்தக் காலத்திலே' என்று தொடங்குகிறாள் என்பீர்கள். சொல்லுங்கள். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த அந்த இரண்டு வருடத்தில் எங்களுக்குப் பாதி ஆயுசு போய்விட்டது. அந்த விஞ்ஞானக் கொப்பிக்கு என்ன நடந்தது என்று உங்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

நான் பிறவிச் சந்தேகக்காரி. அது அம்மாவிடமிருந்து வந்தது. கொரோனா வந்ததும் அம்மாவின் சந்தேகத்துக்கு அரசாங்கமே அனுமதி கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு பழைய மேசை போட்டிருந்தார். கடையிலிருந்து வருகிற சாமான் எல்லாம் அதில் மூன்று மணித்தியாலம் வெயில் காய வேண்டும். பால்மா பைக்கற்றைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவார். மீன் சந்தையிலிருந்து பரவுகிறது என்று செய்தி வந்த நாளோடு வீட்டில் மீன் நின்றுபோனது. "கடலுக்குப் பக்கத்தில இருந்துகொண்டு சோயாமீற் தின்னுறம்" என்று அப்பா தலையில் கை வைத்தார். ஊரடங்கில் ஆள் நடமாட்டம் இல்லாமல் கோட்டைப் பக்கத்து மான்கள் எங்கள் ஒழுங்கை வரைக்கும் ஏறி வந்தன. கேற்றடியில் ஒரு மான் தும்மியது. அம்மா ஜன்னலைச் சாத்தினார்.

பாடம் எல்லாம் கைபேசியில். வீட்டில் இருந்தது அம்மாவின் கைபேசி ஒன்றுதான். பகலில் அதை உயர்தரம் படிக்கிற அண்ணா பிடித்துக்கொள்வான். பின்னேரம் ஐந்து மணிக்குத்தான் என் கைக்கு வரும். எங்கள் வகுப்பு ரீச்சர்தானே விஞ்ஞானமும் எடுத்தவர். குரல் பதிவு அனுப்புவார், நினைவிருக்கிறதா? பின்னால் கோழி கத்தும், குக்கர் விசிலடிக்கும், அதற்கு நடுவில் ஒளித்தொகுப்பு. டேற்றா முடிவதற்குள் இறக்கிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திக் கேட்டு, ஒரு சொல் விடாமல் எழுதினேன். தடித்த மட்டை போட்ட பெரிய கொப்பி. போன வருடக் கலண்டர்த் தாளால் உறை. ஒரு வருடத்துக்கு மேலான பாடம் அதற்குள் இருந்தது. சாதாரண தரப் பரீட்சைக்கு என்னிடம் இருந்தது அந்த ஒரு கொப்பிதான்.

மறக்காமல் இருக்க ஓரத்தில் என் சொந்தக் குறிப்புகளும் எழுதுவேன். இதயப் படத்துக்குப் பக்கத்தில், 'வலது பக்கம் ஒட்சிசன் குறைந்த குருதி, அண்ணாவின் ரீசேட் மாதிரி ஊத்தை' என்று எழுதியிருந்தேன். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பள்ளிக்கூடம் திறந்தார்கள். முழுதாக இல்லை, பாதி. வரவு இடாப்பில் ஒற்றை எண்காரர் ஒரு கிழமை, இரட்டை எண்காரர் மறு கிழமை. நான் இருபத்துமூன்று. என் மேசையில், மறு கிழமை, அதே கதிரையில் இருக்கிறவள் இருபத்துநாலு. அவளை எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் பூட்டியிருந்த காலத்தில் பெயர் பதிந்து வந்தவள். இறக்கக்கண்டிப் பக்கம், தகப்பன் கடலுக்குப் போகிறவர், வீட்டில் நல்ல போன் இல்லை, அதனால் எங்கள் குழுவிலும் இல்லை. இவ்வளவும் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாஸ்க் இல்லாத முகத்தை எங்களில் ஒருத்தியும் கண்டதில்லை.

அவளைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் மணல். என் கிழமையில் திங்கட்கிழமை மேசை மூடியைத் தூக்கினால் மூலையில் கொஞ்சம் கடல் மணல் இருக்கும். அவளுடைய பையின் அடியிலிருந்து கொட்டியது. எனக்கு அருவருப்பு. மீன்காரர் வீட்டு மணல், அதில் என்ன இருக்கிறதோ என்று சனிடைசர் விட்டு விட்டுத் துடைப்பேன். ஒருநாள் மேசைக்குள் என் தலைமயிர் ஒன்றைக் குறுக்கே ஒட்டிவைத்துவிட்டுப் போனேன், அவள் என்னவாவது குடைகிறாளா என்று பார்க்க. மயிர் அறுந்திருந்தது. அவள் தன் மேசையைத் திறந்திருக்கிறாள், வேறென்ன நடக்கும்? ஆனால் எனக்கு அது பெரிய துப்பாகத் தெரிந்தது.

பள்ளிக்கூட வாசலில் நின்ற சிற்றூழியர் அக்காவையும் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு கையில் காய்ச்சல் பார்க்கிற கருவி, மறு கையில் கைக்குத் தெளிக்கிற மருந்துப் போத்தல், முகத்துக்கு முன்னால் பிளாஸ்ரிக் கண்ணாடி. அவருடைய ஒழுங்கையில் ஒரு வீட்டுக்குத் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டினார்கள் என்ற கதை பரவியது. அவருடைய வீடுகூட இல்லை, நாலு வீடு தள்ளி. போதாதா? "அந்த மனுசியோட நின்று கதைக்காதை" என்று அம்மா சொல்லிவிட்டார். உங்கள் வீடுகளிலும் சொல்லியிருப்பார்கள். நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டி, மருந்தை வாங்கிக்கொண்டு ஓடுவோம். அவர் பின்னால் நின்று என்னவோ சொல்லுவார். ஒருவரும் நின்று கேட்டதில்லை.

மாடிப்படிக்குக் கீழே கோதுமை மா வந்த ஒரு பெரிய உரப்பை தொங்கியது. வாயில் வேப்பங்குலை கட்டியிருந்தது. அதைப் பார்த்தும் பயந்தோம். நோய்க்காரரின் சாமான் என்று யாரோ சொன்னார்கள். அந்த இடம் வந்தால் சுவரோடு ஒட்டி நடப்போம்.

ஒரு வெள்ளிக்கிழமை மழை இருட்டிக்கொண்டு வந்தது. பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் கொப்பியை மேசைக்குள் விட்டுவிட்டேன். சனிக்கிழமைதான் தெரிந்தது. அடுத்த கிழமை இரட்டை எண்காரருடையது. என் சிநேகிதி இருபத்தாறு போவாள், அவளிடம் எடுத்துத் தரச் சொல்லுவோம் என்று கைபேசியைக் கையில் எடுத்தேன். அம்மா பறித்துவிட்டார்.

"மற்றப் பிள்ளையளின்ர கைபட்டு ஒண்டும் வீட்டுக்குள்ள வரவேண்டாம். மேசைக்குள்ளேயே கிடக்கட்டும். ஒரு கிழமை ஒருத்தரும் தொடாமல் கிடந்தா அதிலை உள்ளதெல்லாம் செத்துப்போகும்."

"அந்த மேசையில வேற பிள்ளை இருக்கிறவள் அம்மா."

"இருந்தா? உன்ர கொப்பியை அவள் ஏன் தொடுறாள்?"

ஊரில் ஒருவரையும் நம்பாத அம்மா அன்றைக்கு மட்டும் நம்பினார். நானும் விட்டுவிட்டேன்.

என் கிழமை வந்தது. திங்கட்கிழமை மேசையைத் திறந்தால் மூலையில் ஒரு சிட்டிகை மணல், கொப்பி இல்லை. மேசையைக் கவிழ்த்துத் தட்டினேன். பக்கத்து மேசை எல்லாம் பார்த்தேன். "மைதானத்தில போட்டிருப்பாய், மான் தின்றிருக்கும்" என்று உங்களில் ஒருத்தி பகிடி விட்டாள். மான் கடதாசி தின்னும்தான். கலண்டர் உறையையும் மட்டையையும் சேர்த்து விழுங்குமா? அடுத்த நாள் விஞ்ஞானச் சோதனை; இரட்டை எண்காரர் அதை முந்தின கிழமையே எழுதி முடித்திருந்தார்கள். கொப்பி இல்லாமல் எழுதினேன். நாற்பத்தெட்டு.

வெள்ளிக்கிழமை ரீச்சர் இரண்டு பகுதிக்கும் சேர்த்துப் புள்ளிப் பட்டியலைக் கதவில் ஒட்டினார். இடாப்பு வரிசையில் எனக்குக் கீழே அவள். எழுபத்தொன்று. ஒரு குரல் பதிவுகூடக் கேட்காதவள், போன் இல்லாதவள், எழுபத்தொன்று! நேரே ரீச்சரின் மேசைக்குப் போனேன்.

"ரீச்சர், என்ர கொப்பியை இருபத்துநாலுதான் எடுத்தவள்."

"கண்டனீரோ?"

"காணேல்லை. ஆனா வேற ஆர் அந்த மேசையைத் திறக்கிறது?"

ரீச்சர் பட்டியலைப் பார்த்தார். அவருக்கும் அந்த எழுபத்தொன்று இடித்திருக்க வேண்டும். "சரி, நான் விசாரிக்கிறன்" என்றார். இந்த 'விசாரிக்கிறன்' எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் சொன்னேன். நடக்கட்டும் என்றே இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை உங்களில் பாதிப் பேர் வகுப்பில் இருந்தீர்கள். நான் இல்லை. இருபத்தாறு அனுப்பிய குரல் பதிவில்தான் கேட்டேன். ரீச்சர் அவளுடைய பையை மேசையில் கொட்டச் சொன்னாராம். புத்தகத்தோடு மணலும் கொட்டியதாம். என் கொப்பி இல்லை. ஆனால் அவளுடைய கொப்பியைத் திறந்தால் ஒரு கிழமைக்குள் எழுதி முடித்த ஒரு வருடப் பாடம், அழகான கையெழுத்தில். ரீச்சர் ஒரு பக்கத்தை எல்லாருக்கும் கேட்க வாசித்தார்: "வலது பக்கம் ஒட்சிசன் குறைந்த குருதி, அண்ணாவின் ரீசேட் மாதிரி ஊத்தை."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்ததாம். பாவி, அதுவும் பாடம் என்று நினைத்து அப்படியே எழுதியிருக்கிறாள்.

"உமக்கு அண்ணா இருக்கிறாரோ?" என்று ரீச்சர் கேட்டார்.

"இல்லை ரீச்சர்."

"அப்ப இது ஆற்ர கொப்பி? எடுத்தனீரோ இல்லையோ?"

"எடுத்தனான் ரீச்சர். எழுதிப்போட்டு வெள்ளிக்கிழமை மேசைக்குள்ளேயே திருப்பி வைச்சனான்."

"வைச்சா எங்க போகும்? கால் முளைச்சு நடந்ததோ?"

அதற்கும் சிரித்தீர்களாம். இருபத்தாறு அந்தப் பதிவில் மூச்சு விடாமல் சொல்லிவிட்டுக் கடைசியில், "வடிவாப் பிடிபட்டிட்டாள்டி" என்றாள். நான் அதை மூன்று தரம் போட்டுக் கேட்டேன். சும்மா சொல்லக்கூடாது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தாயைக் கூப்பிட்டுக் கொப்பியைக் கொண்டு வந்து தரச் சொன்னார்களாம். தாய் அழுதாராம். குழுவில் அன்றைக்கே அவளுக்குப் பெயர் வைத்தாயிற்று. கொப்பிக் கள்ளி.

அதற்கடுத்த என் கிழமை. மேசையைத் திறந்தேன். மணல் இல்லை. விரலால் தடவிப் பார்த்தேன். மரம் மட்டும்தான். அதற்குப் பிறகு ஒருநாளும் மணல் இருக்கவில்லை. அவள் வருவதை நிறுத்திவிட்டாள் என்று உங்களுக்கெல்லாம் முதல் எனக்குத்தான் தெரியும். பயந்து நின்றுவிட்டாள், குற்றம் உள்ள நெஞ்சு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபத்தாறிடம் கொப்பி கடன் வாங்கி மறுபடி முதலிலிருந்து எழுதத் தொடங்கினேன். கை வலிக்கிற ஒவ்வொரு முறையும் அவளைத் திட்டினேன்.

பரீட்சைக்கு அனுமதி அட்டை கொடுத்த நாள். நான் கொஞ்சம் பிந்திப் போனேன். நீங்கள் எல்லாரும் போய்விட்டீர்கள். மாடிப்படிக்குக் கீழே சிற்றூழியர் அக்கா அந்த உரப்பையை இறக்கிக் கொட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர்ப் போத்தல், ஒரு குடை, மூடி திறக்கப் பயமான சாப்பாட்டுப் பெட்டி, காய்ந்த வேப்பிலை. எல்லாவற்றுக்கும் நடுவில் கலண்டர் உறை.

"பிள்ளை, நில்லுங்கோ. இதில இருக்கிறது உங்கட பேரோ?"

நான் எட்டவே நின்றேன். அந்த நேரத்திலும் எட்ட நின்றேன்.

"இரட்டைக்காரர் போற சனிக்கிழமையளில மேசையெல்லாம் மேலால மருந்து போட்டுத் துடைக்கிறனான். உள்ளுக்க விட்டுட்டுப் போற சாமானை ஒருத்தரும் தொடக்கூடாதெண்டு ஓடர். எறியவும் மனம் வரேல்லை. மனுசருக்குப் பதினாலு நாள் எண்டா கொப்பிக்கும் அதுதானே எண்டு பையில போட்டுக் கட்டினனான். காலமையில வாசலில நிண்டு ஒவ்வொரு நாளும் சொல்லுறன், சாமான் துலைச்ச ஆக்கள் என்னட்டைக் கேளுங்கோ எண்டு. ஆர் நிக்கிறியள்? எல்லாரும் பேயைக் கண்ட மாதிரி ஓடுறியள்."

கொப்பியில் நூலால் ஒரு துண்டுக் கடதாசி கட்டியிருந்தது. பையில் போட்ட திகதி. அவள் திருப்பி வைத்தேன் என்று சொன்ன வெள்ளிக்கிழமைக்கு அடுத்த நாள்.

அக்கா நீட்டினார். வாங்கினேன். "தேடினனீங்களோ?" என்று கேட்டார். "இல்லை, வேற எழுதிட்டன்" என்றேன். அவருடைய முகத்தை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். களைத்த முகம்.

கழிவறைப் பக்கம் போய் நின்று திறந்தேன். என் கடைசிப் பாடத்துக்குப் பிறகு நாலு பக்கம் புதிதாக எழுதியிருந்தது. நீலப் பேனை, அழகான கையெழுத்து. ரீச்சர் இரட்டை எண்காரருக்கு எடுத்துவிட்டு எங்களுக்கும் எடுத்ததாக நினைத்துத் தாண்டிப்போன பாடம். படம்கூட அடிமட்டம் வைத்துக் கீறியிருந்தாள். கடைசியில் பென்சிலால் சிறிதாக எழுதியிருந்தது:

'கேக்காமல் எடுத்ததுக்கு மன்னிக்கவும். கேக்க ஆளைக் காணக் கிடைக்கேல்லை. உங்களுக்கு எடுக்காத பாடத்தை எழுதி வைச்சிருக்கிறன். உங்கட அண்ணாவைச் சுகம் கேட்டதாச் சொல்லவும். 24.'

பிறகு நான் என்ன செய்தேன் என்று கேட்க மாட்டீர்களா? ஒன்றும் செய்யவில்லை. கொப்பியைப் பைக்குள் போட்டு, சிப்பை இழுத்து, வீட்டுக்குப் போனேன். முற்றத்து மேசையில் வைக்காமலே உள்ளே கொண்டுபோய் அலுமாரியில் உடுப்புக்குக் கீழே ஒளித்தேன். ரீச்சரிடம் சொன்னால் ரீச்சருக்கு என் மேல் கோபம் வரும், உங்களிடம் சொன்னால் எனக்கு ஒரு பெயர் வைப்பீர்கள், பரீட்சை முடியட்டும் என்றெல்லாம் காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், வெட்கம். வெட்கத்தில் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அந்த நாலு பக்கத்தையும் படித்தேன். வெட்கம் அதற்குத் தடையாக இருக்கவில்லை பாருங்கள்.

பரீட்சை மண்டபத்தில்தான் ஒற்றையும் இரட்டையும் முதல் தடவை ஒன்றாக இருந்தோம். எனக்குப் பின்னால் ஒரு மேசை. அதில் அவளுடைய சுட்டெண் ஒட்டியிருந்தது. கடைசிப் பாடம் வரைக்கும் ஒருவரும் வந்து இருக்கவில்லை. மேற்பார்வையாளர் ஒவ்வொரு நாளும் அந்த மேசையில் வினாத்தாளை வைத்துவிட்டு, அரை மணித்தியாலம் கழித்து எடுத்துக்கொண்டு போவார். விஞ்ஞானத்தில் அவள் எழுதித் தந்த பாடத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. எனக்கு ஏ.

இவ்வளவும் பழைய கதை. இனிச் சொல்லப்போவது போன மாதம் நடந்தது.

கம்பஸுக்குப் பதிய, சாதாரண தரப் பெறுபேற்றுத் தாளைப் பிரதி எடுக்கப் பஸ் நிலையத்தடியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடைக்குப் போனேன். கடையில் ஒரு பெண் நின்றாள். தாளை வாங்கி இயந்திரத்தில் வைக்கப் போனவள், நின்று பெயரைப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு அவளை ஆரென்று தெரியவில்லை. அவளுக்கு என் பெயர் தெரிந்திருந்தது. ஒரு கிழமை முழுக்க அதைக் கொப்பி மட்டையில் பார்த்தவள்தானே.

"நீங்கள் இருபத்திமூண்டுதானே?" என்று கேட்டாள். "நான் இருபத்துநாலு."

சிரித்தாள். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நானும் திருப்பி இரண்டு சொல்லித் தப்பியிருப்பேன். அவள் பிரதியை எடுத்து ஓரம் தட்டி நேராக்கிக்கொண்டே கேட்டாள்.

"உங்கட கொப்பி பிறகு கிடைச்சதோ?"

நான் சொன்னேன், "இல்லை."

"ஐயோ. எவ்வளவு பாடுபட்டு எழுதியிருந்தனீங்கள்."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பகிடி இல்லை. உண்மையாகவே கவலைப்பட்டாள். விஞ்ஞானத்துக்கு நேரே இருந்த ஏ எழுத்தின் மேல் அவளுடைய பெருவிரல் இருந்தது. "அப்பிடி இருந்தும் ஏ எடுத்திட்டியள், கெட்டிக்காரி" என்றாள். பிரதிகளை உறைக்குள் போட்டுத் தந்தாள். நான் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வந்து ஒரு மாதம் கழியவில்லை, அவளைக் கள்ளி என்று நீங்கள் சொன்ன பகிடிக்குச் சிரிப்பு முகம் போட்டேன். என்னைப் போல ஒரு பிறவி இருக்குமா?

கொப்பி இப்போது என் மடியில் இருக்கிறது. வேப்பிலை மணம்கூட இன்னும் போகவில்லை. நாளைக்குக் காலையில் இதை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போகிறேன். ஏசினால் கேட்டுக்கொண்டு நிற்பேன். ஆனால் அவளிடம் மட்டும் ஒதுக்கமாகச் சொல்லிவிட்டு வந்தால், உங்கள் வாயில் அவள் கள்ளியாகவே இருப்பாள். குற்றம் சொன்னது எல்லாருக்கும் கேட்கத்தானே. அதனால்தான் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். அவள் எழுதிய நாலு பக்கத்தையும், திகதி போட்ட துண்டையும், அந்தப் பென்சில் வரியையும் படம் பிடித்துக் கீழே போட்டிருக்கிறேன். பெரிதாக்கிப் பாருங்கள்.

ஒன்றுகூடலுக்கு அவளைக் கூப்பிடுவதா இல்லையா என்று நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. வருவதா இல்லையா என்று அவள்தான் சொல்ல வேண்டும். அவள் கேட்ட கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இருக்கிறது. ஓம், கொப்பி கிடைத்தது. கிடைத்து நாலு வருடம் ஆகப்போகிறது.